பாத்ரூம் சீலிங் ஏன் கெடுகிறது? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டு, குறைந்த செலவில் புதுப்பிக்கும் வழி

ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம் என்றால் அதன் சீலிங் 35 சதுர அடி. வீட்டிலேயே மிகச் சின்ன பெயிண்ட் வேலை இதுதான். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன், அரை லிட்டர் பிரைமர், முழுப் பரப்புக்கும் பட்டி பார்ப்பதாக இருந்தால் ஐந்து கிலோ பட்டி. அவ்வளவுதான் சாமான். அப்படியிருந்தும் அடித்த அடுத்த மழைக்காலத்திலேயே உரிந்து தொங்குகிற இடமும் இதுதான். காரணம் அநேகமாக எப்போதும் தண்ணீர். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கி வர வேண்டியதாகிவிடும். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் முதல் பங்கு தண்ணீருக்குப் போகட்டும். மிச்சம் இருப்பதில் அழகு பார்க்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு அடுக்குமாடி வீடுகளிலும் தனி வீடுகளிலும் இருக்கிற கான்கிரீட் சீலிங்கை வைத்து. பழைய வீட்டின் புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட பாத்ரூம் என்றால் அதைத் தேய்க்கவோ துளை போடவோ கூடாது; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதேபோல ரொம்ப வருடத்துக்கு முன் அடித்த எனாமல் சீலிங்கில் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, ஈரத் துணியோடு சுரண்டுவது நல்லது.

சீலிங்கில் கை வைக்கும் முன் பாத்ரூம் லைட்டுக்கும் கீசருக்கும் போகிற எம்சிபி சுவிட்சை மெயின் போர்டில் இறக்கிவிடுங்கள். லைட் பாயின்ட் வழியாகவே தண்ணீர் கசிந்தால் அதை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் சுரண்டும்போது செதில் நேராகக் கண்ணில்தான் விழும்.

முதலில் இந்தச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலித்தீன் ஷீட் ஒன்று எடுங்கள். சீலிங்கில் சந்தேகப்படுகிற இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டுகிற அகலத்துக்கு உரிகிற பெயிண்டைச் சுரண்டிவிட்டு, ஷீட்டை வைத்துக் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். பார்சலுக்கு ஒட்டுகிற பிரவுன் டேப் ஓதத்தில் இரவே கழன்றுவிடும். அலுமினிய டேப் நிற்கும். ஒரு முழு நாள் அப்படியே விட்டுவிட்டு, வழக்கம்போல எல்லோரும் குளியுங்கள்.

மறுநாள் டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் ஷீட்டின் வெளிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். விரல் நனைந்தால் அது நீங்கள் குளித்த வெந்நீரின் ஆவி. பிறகு ஷீட்டைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்லாபைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் பனி மாதிரி முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஷீட் இருந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடக் கறுத்திருந்தால், தண்ணீர் ஸ்லாபுக்குள்ளிருந்து இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஈரமாக இருக்கிற வீடுகளும் உண்டு. அங்கே மேலிருந்து வருவதை முதலில் நிறுத்த வேண்டும்.

கரும்புள்ளிகள், மூலையில் பச்சைப் படலம்

சோதனையில் ஷீட்டின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்தது என்றால் பெரும்பாலும் இந்தப் புள்ளிகளைத்தான் பார்ப்பீர்கள். மூலைகளிலும், ஷவருக்கு நேர் மேலேயும், வென்டிலேட்டருக்கு எதிர்ப்பக்கத்திலும் கூட்டமாக இருக்கும். பூசணமா அழுக்கா என்று தெரிய வேண்டுமானால் ஒரு புள்ளியின்மேல் பஞ்சில் ப்ளீச் தொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூசணம். அப்படியே இருந்தால் தூசியோ புகைக்கரியோதான். சோப்புத் தண்ணீர் போதும்.

பூசணம் என்றால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஸ்பான்ஜால் ஒற்றி, கால் மணி நேரம் விட்டு, சுத்தத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றுகிற பழக்கம் உண்டு. டாய்லெட் கிளீனர்களிலும் பல ஆசிட் கலந்தவை. ப்ளீச் போடுகிற அன்று அவை எதுவும் அந்த அறையில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

துடைத்ததோடு வேலை முடிவதில்லை. ஆவி வெளியே போக வழி இல்லாவிட்டால் பூசணம் திரும்ப வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் பூசணம் வருகிறது என்பவர்கள் ஃபேனைப் போட்டுவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஃபேனின் பின்னால் இருக்கிற பட்டைகள் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறித் திறக்காமல் ஒட்டியிருக்கும். கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும். இரண்டு, கதவு தரையோடு தரையாக மூடிக்கொள்வதால் உள்ளே காற்று வர வழி இருக்காது. வெளியிலிருந்து காற்று வந்தால்தான் ஃபேன் வெளியே தள்ள முடியும். கதவுக்கு அடியில் ஒரு விரல்கடை இடைவெளி போதும்.

ஃபேனே இல்லாத பாத்ரூம் என்றால் பெயிண்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் முதலில் ஆறு அங்குல ஃபேன் வாங்குங்கள். வென்டிலேட்டரின் இரண்டு கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிளை பலகையோ அக்ரிலிக் ஷீட்டோ வைத்து மாட்டிவிடலாம். சுவரை உடைக்கத் தேவையில்லை. குளித்து முடித்த பிறகும் 15, 20 நிமிடம் ஓட விடுங்கள். கொசுவலை அடித்த வென்டிலேட்டராக இருந்தால் வலையில் அப்பியிருக்கிற தூசியையும் தட்டிவிடுங்கள்.

பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது

ஈரமே இல்லை, ஆனாலும் உரிகிறது என்றால் உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை மாவு ஒட்டியிருக்கிறதா? விரலை நனைத்துச் சீலிங்கில் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி கையில் வருகிறதா? அடியில் பழைய வெள்ளையோ டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் நிற்காது, ஏனென்றால் எமல்ஷன் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மாவை. ஈரத் துணியால் நனைத்து, ஸ்கிராப்பரால் அடிவரை சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கழுத்து வலிக்கிற வேலைதான். ஆனால் 35 சதுர அடி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

செதிலோடு பட்டியும் சேர்ந்து வந்தால் பட்டி எது என்று பார்க்க வேண்டும். ஹாலுக்குப் பூசியதில் மிச்சம் இருந்த பிஓபியை, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பாத்ரூமில் அப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிஓபி ஈரத்தில் இளகிவிடும். பாத்ரூமுக்கு வெள்ளை சிமெண்ட் கலந்த பட்டிதான் சரி. அதிலும் செலவைக் குறைக்க வழி உண்டு: சீலிங் முழுக்கப் பட்டி பார்க்காமல், சுரண்டிய பள்ளங்களிலும் விரிசல்களிலும் மட்டும் மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் 180ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுச் சமமாக்கினால் போதும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயிண்ட் அடிக்கும்போது சின்ன மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

பழுப்பு வளையம், பெரிதாகிக்கொண்டே போகும் கறை, சொட்டு

இந்த அறிகுறிக்குத்தான் பணம் அதிகம் வீணாகிறது. வளையம் வளையமாகக் கறை, நடுவில் ஈரம், தொட்டால் ஜில்லென்று இருப்பது, சில நேரம் பெயிண்ட் பலூன் மாதிரி உப்பி உள்ளே தண்ணீர் நிற்பது. மேலே இருப்பது இன்னொரு வீட்டின் பாத்ரூம் என்றால் அதன் தரை அநேகமாக ஒரு பள்ளத்துக்கு மேல் இருக்கும். சங்கன் ஸ்லாப் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். குழாய்களையெல்லாம் அந்தப் பள்ளத்தில் போட்டு, செங்கல் ஜல்லியையும் உடைசலையும் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்குகிற தண்ணீர் அந்த ஜல்லியில் தேங்கி, மெதுமெதுவாக உங்கள் பக்கம் இறங்கும். அதனால்தான் அவர்கள் ஊருக்குப் போன பிறகும் சில நாள் சொட்டிக்கொண்டே இருக்கும்.

எப்போது ஈரம் கூடுகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அவர்கள் குளித்த பிறகு கூடினால் தரை டைல்ஸ் இடுக்கு, அல்லது தரைத் தண்ணீர் வடிகிற வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றியுள்ள விளிம்பு. ஃப்ளஷ் போட்ட பிறகு என்றால் கமோடின் இணைப்பு. யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் ராத்திரி பகலாக ஒரே சீராக இருந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு. மொட்டை மாடியில் அவர்கள் வீட்டு வால்வை ஒரு ராத்திரி மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். மழை நாளில் மட்டும் என்றால் வெளிச்சுவரையும் குழாய்கள் இறங்குகிற டக்ட்டையும் பாருங்கள்.

உறுதி செய்துகொள்ளத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் போதும். மேல் வீட்டில் நஹானி ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, வாசற்படி தாண்டாத அளவுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, நீலம் கரைத்துவிட வேண்டும். 24 மணி நேரம் நிற்கட்டும். பள்ளத்தில் ஜல்லி நிறைய இருந்தால் 48 மணி நேரம்கூட ஆகும். உங்கள் சீலிங்கில் நீலம் தெரிந்தால் வழி தரை என்று முடிவு. ஜல்லி சாயத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே நிறம் வராவிட்டாலும் ஈரம் கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் வீட்டில் கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், தேதி போட்ட இரண்டு போட்டோவோடு போய், “அக்கா, எங்க பாத்ரூம் சீலிங்ல ஓதம் இறங்குது. எங்கேருந்துன்னு தெரியல. ஒரு நாள் மட்டும் உங்க பாத்ரூம்ல நீலம் போட்டுத் தண்ணி கட்டிப் பார்த்துக்கலாமா? அன்னைக்கு நீங்க எங்க பாத்ரூமைப் பயன்படுத்திக்கோங்க” என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. தரைதான் காரணம் என்று தெரிந்தாலும் உடனே டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை. இடுக்குகளைச் சுரண்டி, டைல்ஸ் இடுக்கை அடைக்கிற எபாக்சி க்ரவுட் கலவையை நிரப்பி, ட்ராப் விளிம்பையும் சுவர் ஓரங்களையும் அடைத்துப் பார்ப்பது முதல் படி. சில கட்டடங்களில் சங்கன் பள்ளத்துத் தண்ணீர் வெளியே வடிய ஒரு சின்னக் குழாய் விட்டிருப்பார்கள். அது அடைத்திருக்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கடைசி மாடி என்றால் மேலே ஏறிப் பாருங்கள். பல வீடுகளில் பாத்ரூமுக்கு நேர் மேலேதான் ஓவர்ஹெட் டேங்க் நிற்கும். டேங்கின் அடியில் பாசி பிடித்திருக்கிறதா, வழிகிற குழாய் தரையிலேயே கொட்டுகிறதா, தட்டோட்டு இடுக்குகள் வெடித்திருக்கின்றனவா, மழைநீர்க் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவையும் விட்டுவிட்டு, கீழிருந்தே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலிருந்து தள்ளுகிற தண்ணீர் அந்தப் படலத்தை உப்ப வைத்துப் பிய்த்துவிடும். இல்லாவிட்டால் பக்கத்து அறைச் சுவரில் வழி தேடும். வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளே கம்பியைத் தின்னும்.

கசிவு நின்ற பிறகு ஸ்லாப் உலர நேரம் கொடுங்கள். கோடையில் சில வாரம், ஐப்பசி கார்த்திகை மழையில் அதைவிடக் கூட. பாலித்தீன் ஷீட்டை மறுபடி ஒட்டிப் பார்த்து, உள்பக்கம் வறண்டிருந்தால் மட்டும் பெயிண்ட். கறையின்மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் பழுப்பு மறுபடி மேலே ஊறி வரும், ஏனென்றால் கறையும் நீரில் கரைவது, எமல்ஷனும் நீரில் கலந்தது. கறை இருக்கிற இடத்தில் மட்டும் ஆயில் பிரைமர் ஒரு கோட் கொடுத்து, காய்ந்த பிறகு மேலே எமல்ஷன் அடியுங்கள்.

வெள்ளைப் பொடி பூக்கிறது

பஞ்சு மாதிரி, உப்பு மாதிரி மேலே படிவது, சுவரில் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டுக்குள் போன தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேற்பரப்பில் தான் ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஆக, இதுவும் கசிவின் அறிகுறிதான். மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். பொடியை உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும்.

காரை உப்பியிருக்கிறது, துரு தெரிகிறது

இங்கே மட்டும் பட்ஜெட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சீலிங்கை ஓரடிக்கு ஓரிடம் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று சுருக்கமாகக் கேட்கும். உள்ளே விட்டுப்போன இடத்தில் ‘டொப்’ என்று காலியாகக் கேட்கும். காலியாகக் கேட்கிற இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

வட்டத்தைக் கொத்திப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும். மேல்பூச்சு மட்டும் கழன்று, அடியில் வழவழப்பான கான்கிரீட் இருந்தால், கொத்து போடாமல், அதாவது கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசியிருக்கிறார்கள். பிழைத்தோம். கொத்து போட்டு, பூச்சு ஒட்டிப் பிடிக்க பாண்டிங் லிக்விட் தடவி, மறுபடி பூசினால் சரியாகிவிடும். சீலிங்கில் பூச்சே வேண்டாம் என்று விட்டாலும் தப்பில்லை.

கம்பி துருப்பிடித்து வெடித்திருந்தால் விஷயம் வேறு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, தன்னை மூடியிருக்கிற கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. நம் நாட்டு விதியான ஐஎஸ் 456 சாதாரணச் சூழலில் கம்பியை 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்களில் அரை அங்குலம்கூட இல்லாமல் கம்பி எட்டிப் பார்ப்பதைக் காணலாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பியைச் சுற்றிலும் கொத்தி, கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கம்பி இளைத்திருந்தாலோ, ஒரு கம்பிக்கு மேல் தெரிந்தாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள். இதை மறைத்து பிவிசி சீலிங் அடிப்பவர்களைப் பார்க்கும்போது மனது பதைக்கிறது. கீழே குழந்தைகள் குளிக்கிறார்கள்.

பிவிசி சீலிங் தொய்கிறது, மஞ்சளாகிறது

பிவிசிமேல் எனக்குக் கோபமில்லை. ஸ்லாப் உலர்ந்திருந்து, மேல் வீட்டுக் குழாய்கள் வெளியே தொங்குவதை மறைக்க வேண்டும் என்றால் அது நல்ல வழிதான். தொய்வதற்குக் காரணம் பேனலைத் தாங்குகிற சேனல்களை தூரத்தூரமாக அடிப்பது. இரண்டடிக்கு ஒன்று வர வேண்டும். ஸ்க்ரூக்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும். பேனலை அறையின் குறுகிய பக்கமாக ஓட விட்டால் தொய்வும் குறையும், சாமானும் மிச்சமாகும்: பத்து அங்குல அகலப் பேனல் ஏழடிக்கு ஒன்பது துண்டு வரும், பத்தடிப் பேனலை இரண்டாக வெட்டினால் ஐந்து பேனலில் முடிந்துவிடும். ட்ராப்புக்கு நேர் கீழே திறந்து மூடுகிற ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கசிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்காது. கீசருக்கு மேலே மட்டும் மஞ்சளாகியிருந்தால் அது சூடு. அந்த ஒரு பேனலை மாற்றிவிட்டு கீசரைக் கொஞ்சம் இறக்கி மாட்டுங்கள்.

புதுப் பெயிண்டில் பழுப்பு வழிசல், திட்டுகள்

அடித்துச் சில வாரத்தில் தேன் வழிந்த மாதிரி பிசுபிசுப்பான கோடுகள் வந்தால் பயப்படாதீர்கள். எமல்ஷனில் கலந்திருக்கிற சில பொருள்கள் சரியாக இறுகும் முன்பே ஆவி பட்டு வெளியே வருகின்றன. ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். ஓரிரு முறை வந்து நின்றுவிடும். இது வராமலிருக்க, அடித்த சில நாளைக்கு அந்தப் பாத்ரூமில் வெந்நீர்க் குளியலைத் தவிர்த்தால் நல்லது.

திட்டுத் திட்டாகத் தெரிவதற்கும் விரலில் மாவு ஒட்டுவதற்கும் பெரும்பாலும் தண்ணீர் கூடுதலாகக் கலந்ததுதான் காரணம். பெயிண்டர் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, டப்பால போட்டிருக்கிற அளவுக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க. ரெண்டாவது கோட்டை நாலு மணி நேரம் கழிச்சே அடிக்கலாம், அவசரமில்ல.”

எதை அடிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது

வெளிச்சுவருக்கு அடிக்கிற எக்ஸ்டீரியர் எமல்ஷன் பாத்ரூம் சீலிங்குக்கு நன்றாகவே உழைக்கும். மழையைத் தாங்கவும் பூசணத்தைத் தடுக்கவும் தயாரித்தது அது. வீட்டுக்கு வெளியே அடித்தபோது மிஞ்சிய வெள்ளையோ வெளிர் நிறமோ டப்பாவில் இருந்தால் திறந்து முகருங்கள். புளித்த நாற்றம் அடிக்காமல், கலக்கினால் சீராகக் கலந்தால், பழைய வேட்டித் துணியில் வடிகட்டி அதையே அடித்துவிடலாம். பெரிய ரோலர் வாங்காதீர்கள். நான்கு அங்குல ரோலரும் இரண்டு அங்குல பிரஷும் மூலை முடுக்குக்கெல்லாம் போகும்.

பளபளப்பான பூச்சைச் சீலிங்கில் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடிக்கு மேலே இருக்கிற லைட் பக்கவாட்டில் விழும்போது பட்டி போட்ட ஒவ்வோர் இடமும் எடுத்துக் காட்டும். டைல்ஸ் ஏழடியோடு நின்று, மேலே ஓரடிச் சுவர் இருந்தால், அந்தச் சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே நிறம் கொடுங்கள். கோடு மறைந்து அறை உயரமாகத் தெரியும். டைல்ஸின் மேல் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்து, இரண்டாவது கோட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் பெயிண்டின் ஓரமும் கூடவே வந்துவிடும்.